வளைவில் உட்கார்ந்த அம்மன்

நிர்மலாவின் மூன்று சக்கர வண்டி கல்லுக்கு முன்னால் நின்றுவிட்டது. பின்னால் சைக்கிளில் வந்த பெண்கள் ஒவ்வொருவராகக் கால் ஊன்றி நின்றார்கள். கால்வாயிலிருந்து ஈர வாடை வந்துகொண்டிருந்தது. அன்று விடியற்காலையில்தான் யாரோ கல்லுக்குப் புதிதாக மஞ்சள் பூசியிருந்தார்கள். அது இன்னும் காயவில்லை.

நிர்மலா கைப்பிடியை விட்டுவிட்டு இரண்டு கையாலும் கும்பிட்டாள். பிறகு பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கேட்பதுபோல அந்தக் கல்லைப் பார்த்துக் கேட்டாள்.

“தாயே, கொஞ்சம் நவுந்து உக்காரேன். எனுக்கு டைம் ஆவுது.”

நாங்கள் சிரித்தோம். சிரித்துக்கொண்டே கன்னத்திலும் போட்டுக்கொண்டோம். வண்டி மட்டும் போகவில்லை. கல்லைச் சுற்றி எழுப்பியிருந்த சிமெண்டு மேடைக்கு ஒரு பக்கம் கால்வாய். இன்னொரு பக்கம் தென்னந்தோப்பின் முள்கம்பி வேலி. கால்வாய்ப் பக்கம் ஒரு ஆள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகலாம். வேலிப் பக்கம் ஆடுகூட நுழையாது.

வண்டியைத் திருப்பவும் அங்கே இடம் இல்லை. நாலு பேர் பிடித்துத் தூக்கித்தான் திருப்பினோம். நிர்மலா வந்த வழியே போய், ஹைவேயில் ஏறி, எதிரே வரும் லாரிகளைப் பார்த்தபடி ஓரமாகவே கம்பெனிக்குப் போனாள்.

நாங்களே வெட்டிய பாதையில், நாங்களே நட்ட கல்லில், அம்மன் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

ஹைவே

எங்கள் ஊர் விரிஞ்சிபுரத்துக்கு மேற்கே, பாலாற்றை ஒட்டி இருக்கிறது. ஊருக்கும் ஷூ கம்பெனிக்கும் நடுவில் ஒரு ஏரி, ஒரு கால்வாய், கொஞ்சம் தோப்பு. தூரத்து ஊர்ப் பெண்களைக் கூட்டிப்போகக் கம்பெனி வண்டி வரும். எங்கள் ஊர் கிட்டத்தில்தான் இருக்கிறது என்று அதற்கு வண்டி விடவில்லை. ஹைவே ஓரமாக நடந்தோ சைக்கிளிலோதான் போய்க்கொண்டிருந்தோம்.

நான் அங்கே ஷூவின் மேல்பாகம் தைக்கிறேன். நிர்மலா செக்கிங் மேஜையில் இருக்கிறாள். நாங்கள் தைத்து அனுப்புவதை விளக்குக்கு நேரே திருப்பிப் பார்ப்பாள். தையல் விட்ட இடத்தில், வடு தெரிகிற இடத்தில், வெள்ளி நிறப் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போடுவாள். குறி விழுந்த துண்டு திரும்பி வந்துவிடும். அவளோடு வாதாடிப் பார்த்து அலுத்துப்போனவர்களில் நானும் ஒருத்தி.

குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சலில் அவளுக்கு இரண்டு காலும் சூம்பிப்போயின. கையால் சுற்றி ஓட்டுகிற வண்டிதான் அவளுக்குக் கால். அப்பா இல்லை. அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கிறது.

ஒரு மழை நாளில், லாரி ஒன்றின் தார்ப்பாயிலிருந்து தொங்கிய கயிறு அவள் வண்டியின் கைப்பிடியில் மாட்டிக்கொண்டது. கொஞ்ச தூரம் இழுத்துப்போய்க் கவிழ்த்துவிட்டுக் கயிறு அறுந்தது. டிரைவருக்குத் தெரியவே தெரியாது. அவளுக்கு முழங்கையில் தோல் போனதோடு சரி. விரிஞ்சிபுரத்து ஈசன் காப்பாற்றினார் என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் அவள் அம்மா பிடித்துக்கொண்டாள். இனி வேலைக்கு வேண்டாம், கூழோ கஞ்சியோ குடித்துக்கொள்ளலாம், வீட்டிலேயே இரு என்று ஒரே பிடி. கம்பெனியில் கணக்கை முடித்துக்கொண்டு வரச் சொன்னாள். நிர்மலா எங்களிடம் வந்து சொன்னது ஒரே ஒரு வார்த்தை.

“ஹைவே இல்லாம ஒரு வழி இருந்தா எங்கம்மா வுடுவா.”

வழி இருந்தது. ஏரிக்கரை ஊரிலிருந்தே தொடங்குகிறது. அது முடிகிற இடத்தில் கால்வாய்க்கரை. அதில் நேராகப் போனால் கம்பெனியின் பின் கேட். நடுவில் முழுக்கச் சீமைக்கருவேல முள். பஞ்சாயத்தில் போய்ச் சொன்னோம். செய்யுங்கள் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மகளிர் குழுப் பெண்கள் அரிவாளோடு இறங்கினோம். என் வீட்டுக்காரர் முதல் ஞாயிறு வேடிக்கை பார்க்க வந்தார், இரண்டாவது ஞாயிறு மண்வெட்டியோடு வந்தார்.

பாதி வேலை முடிவதற்குள் பக்கத்து இரண்டு ஊர்க்காரர்கள் வந்து எங்களுக்கும் ஒரு கிளை விடுங்கள் என்றார்கள். அவரவர் ஊர்ப் பக்கத்தை அவரவரே வெட்டினார்கள். ஒரு கிளை பள்ளிக்கூடத்துக்குப் போயிற்று, இன்னொன்று ரேஷன் கடைக்கு. அரசாங்கம் கொடுத்த சைக்கிளைக் கூடத்தில் துணி காயப்போட வைத்திருந்த வீட்டுப் பிள்ளைகள்கூட அதைத் துடைத்து எடுத்தார்கள். சில தோலில் மாட்டின் ரத்தநாளம் ஓடிய தடம் அப்படியே தெரியும், மரக்கிளை மாதிரி. எங்கள் பாதைகள் அந்த மாதிரி ஆயின. நிர்மலாவிடம் இதைச் சொன்னேன். அந்தத் தோல் வந்தால் நான் ரிஜெக்ட் பண்ணுவேன் என்றாள்.

தோல் மெத்தை

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் எங்கள் ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

ஏரி மதகுக்குப் பக்கத்தில் கொஞ்ச தூரம் எப்போதும் சேறு. சக்கரம் புதையும். எங்கள் கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை செய்யும் ஷபீர் பாய்க்கு ஒரு யோசனை வந்தது. தோல் வெட்டியதில் மிஞ்சுகிற துண்டுகள் எங்கள் பக்கத்தில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். அதைக் கீழே பரப்பி மேலே மண் போட்டால் மெத்தை மாதிரி இருக்கும் என்றார். வேறு ஊரில் யாருக்கும் இப்படித் தோன்றியிருக்காது. எங்களுக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது. பரப்பினோம். நடந்து பார்த்தால் நிஜமாகவே மெத்தைதான். பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார்கள்.

முதல் மழையில் துண்டுகள் ஊறி உப்பின. நீல நிறமாகத் தண்ணீர் கசிந்தது. தினமும் தோல் வாடையிலேயே இருக்கிற எனக்கே மூக்கைப் பொத்த வேண்டியிருந்தது. மூன்று ஊர் நாய்களும் அங்கே கூடிவிட்டன. தோண்டித் தோண்டி, ஆளுக்கு ஒரு துண்டாகக் கவ்விக்கொண்டு ஓடின.

“நாய்ங்களுக்கும் சேத்துத்தான் பாதை போட்ருக்கோம்க்கா,” என்றார் ஷபீர் பாய். சொல்லிவிட்டு, மற்றவர்களோடு சேர்ந்து அத்தனையையும் கையால் வாரி எடுத்து மூட்டை கட்டினவரும் அவர்தான். பிறகு செங்கல் உடைத்துப் போட்டோம். அது நின்றது.

மஞ்சள்

பாதை முடிந்ததும், கிளை பிரிகிற இடங்களிலும் வளைவுகளிலும் அடையாளக் கல் நட்டோம். ஷபீர் பாய் வெள்ளை அடித்து அம்புக்குறி வரைந்தார். நன்றாக வரைவார். கடைசிக் கல் கால்வாய்க்கரை வளைவில். அந்த இடத்தில் கரையைத் தண்ணீர் அரித்திருந்தது. இருட்டில் வருகிறவர்கள் கால்வாயில் விழாமல் இருக்க, கல்லைக் கொஞ்சம் உள்ளே தள்ளி நட்டோம். அப்போதும் வேலிக்கும் கல்லுக்கும் நடுவில் நிர்மலாவின் வண்டி தாராளமாகப் போயிற்று.

அந்தக் கல்லுக்கு வருவதற்குள் பெயிண்ட் தீர்ந்துவிட்டது. அடுத்த வாரம் வாங்கி வருகிறேன் என்றார் ஷபீர் பாய். அதுவரைக்கும் இருட்டில் தெரிய வேண்டுமே என்று எங்களில் ஒருத்தி வீட்டிலிருந்து மஞ்சள் கரைத்துக் கொண்டுவந்து பூசினாள். மஞ்சள் பளிச்சென்று தெரியும். எல்லோரும் சரி என்றோம்.

அடுத்து வந்தது வெள்ளிக்கிழமை. மஞ்சள் பூசின கல்லுக்கு எதிரே வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டுப் போகிற பெண் குங்குமம் வைக்காமல் போவாளா? யார் வைத்தது என்று தெரியவில்லை. அதற்கடுத்த வெள்ளி, பூ. பிறகு எலுமிச்சம்பழம். ஆடி பிறந்ததும் சிவப்புப் பாவாடை கட்டி, சின்னதாக ஒரு சூலமும் நட்டுவிட்டார்கள். ஆடி மூன்றாவது வெள்ளியில் கூழ் ஊற்றினார்கள். நானும் ஒரு சொம்பு வாங்கிக் குடித்தேன். கூழ் நன்றாக இருந்தது.

அடுத்த வாரம் என்ற ஷபீர் பாய் ஆடி முடிகிற சமயத்தில்தான் பெயிண்ட் டப்பாவோடு வந்தார், பார்த்துவிட்டு நின்றார்.

“நான் பெயிண்டு வாங்கினு வர்றதுக்குள்ள கோயிலே கட்டிட்டீங்களேக்கா. இப்ப அம்ப எங்க போடறது?”

படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாலு பெண்கள் தினமும் நின்று கும்பிடுகிற இடத்தில் அம்மன் இல்லாமல் இருக்க மாட்டாள். நாங்கள் அடையாளத்துக்குப் பூசினோம், அவள் அழைப்பு என்று எடுத்துக்கொண்டாள். வளைவம்மன் என்று பெயரும் ஆகிவிட்டது.

ஆடி முடிந்ததும், கம்பெனி லீவு நாளில் மேடை கட்டியது தணிகாசலம் அண்ணன். அந்தத் தென்னந்தோப்பு அவருடையது. பாதை வந்ததிலிருந்து அவருக்கு நிம்மதி இல்லை. தேங்காய் போகிறது, எளநீர் போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். மேடை எழும்பியதும், வழியை அடைக்கத்தான் சாமிக்குச் செலவு பண்ணுகிறார் என்று குழுவில் பேசிக்கொண்டார்கள். ஆனால் தினமும் காலையில் குளித்து ஈரத்துண்டோடு வந்து விளக்கு ஏற்றுவதும் அவர்தான். இரண்டும் உண்மையாக இருக்கலாம். மனுஷனுக்குள் இரண்டுக்கும் இடம் இருக்கிறது.

வழித்துணை

வண்டி திரும்பிப் போன அன்று ராத்திரியே நிர்மலாவின் அம்மாவுக்குச் சேதி போய்விட்டது. மறுபடி ஹைவேயா, அப்படியானால் இந்த மாசத்தோடு சரி என்றாள். நான் போய்ப் பேசினேன். அவள் என்னிடம் சண்டை போடவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டே, நீ கூடப் போவியா தினமும், லாரிக்கு முன்னாடி நிப்பியா என்று மட்டும் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விரிஞ்சிபுரம் போனேன். அங்கே ஈசனுக்கு வழித்துணைநாதர் என்று ஒரு பெயர். மிளகு மூட்டையோடு தனியாகப் போன வியாபாரிக்கு, திருடர் பயம் இல்லாமல் இருக்க, குதிரையில் வீரனாகக் கூடவே வந்தாராம். சின்ன வயதில் இந்தக் கதையைக் கேட்டபோது குதிரை மட்டும்தான் மனதில் நின்றது. அன்று வேறு யோசனை வந்தது. அந்தச் சாமி வழியை மறிக்கவில்லை, கூட நடந்திருக்கிறார். இந்த அம்மனும் அவர் வீட்டுக்காரிதானே? அவளுக்கும் அந்தக் குணம் இல்லாமலா போகும்?

சன்னதியில் நின்று இதைத்தான் சொன்னேன். மதில் நிழலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு பஸ் ஏறினேன். திரும்பி வந்து நேரே தணிகாசலம் அண்ணன் வீட்டுக்குப் போய், கல்லைப் பத்து அடி தள்ளி, கரை அகலமாக இருக்கிற இடத்தில் நிற்கும் வேப்பமரத்தடியில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

அவர் வெற்றிலையை மென்று துப்பிவிட்டு வந்தார்.

“நான் இன்னாத்த சொல்றது லோகா. அவளாண்டயே பூ கேளு. போறேன்னா போவட்டும்.”

பூ

எங்கள் பக்கத்தில் அம்மனிடம் அனுமதி கேட்பது இப்படித்தான். மஞ்சள் பூசிய கல்லில் வலது தோளில் ஒரு பூ, இடது தோளில் ஒரு பூ ஒட்டிவைத்துக் கேள்வியைச் சொல்ல வேண்டும். அம்மனுக்கு வலப்பக்கம் பூ விழுந்தால் சம்மதம். இடப்பக்கம் விழுந்தால் இல்லை. நாம் தொடக்கூடாது. விழுகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை, வேலைக்குப் போகிற நேரம். சோற்று டப்பாக்களோடு பெண்கள் எல்லோரும் கரையில் உட்கார்ந்திருந்தோம். ஷபீர் பாய் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றார். நிர்மலா வண்டியில் எங்களுக்கெல்லாம் முன்னால். ஊர் மாரியம்மன் கோயில் பூசாரி இரண்டு அரளிப் பூவை ஒட்டினார்.

“தாயே, பொண்ணுங்க வழி கேக்குதுங்க. வேப்பமரத்தாண்ட உன்ன வெச்சா ஒத்துக்கிறியா? ஒத்துக்கிட்டா வலது குடு.”

பூ விழவில்லை. மஞ்சளைக் கெட்டியாகப் பூசிவிட்டார்கள்போல, பசை மாதிரி பிடித்துக்கொண்டது. தோப்பில் மட்டை ஒன்று விழுந்தது. அத்தனை பேரும் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி கல்லைப் பார்த்தோம். கம்பெனியில் முதல் சங்கு ஊதியது. யாரும் எழுந்திருக்கவில்லை.

இடது பக்கப் பூவின் மேல் ஒரு எறும்பு ஏறியது. காம்பு வரைக்கும் போய்த் திரும்பியது. பூ அசைந்து, சரிந்து, பாவாடை மேல் விழுந்தது.

எறும்புதான் தள்ளிவிட்டது என்று பிறகு சிலர் சொன்னார்கள். எறும்பை அனுப்பியது யார் என்று நான் கேட்டேன்.

“எங்கயும் போ மாட்டேன்னுட்டா,” என்றார் தணிகாசலம் அண்ணன். மெதுவாகத்தான் சொன்னார். துண்டை எடுத்து முகம் துடைத்தார்.

யாரும் நிர்மலாவின் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். செக்கிங் மேஜையில் ஒரு துண்டைக் கையில் எடுத்தால் எப்படிப் பார்ப்பாளோ அப்படிக் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லிலிருந்து மேடைக்கு, மேடையிலிருந்து வேலிக்கு.

“மாமா, இது கோயிலுதான?” என்று தணிகாசலம் அண்ணனைக் கேட்டாள்.

“இன்னா பொண்ணே, இப்படிக் கேக்கற? கோயிலுதான்.”

“கோயில்னா வலம் வரணும் இல்ல?”

“வரணும்.”

“எப்படி வர்றது? பின்னால உன் கம்பி இருக்குதே.”

தணிகாசலம் அண்ணன் வேலியைப் பார்த்தார். அதை அவர் முதல் தடவை பார்க்கிறார் என்று தோன்றியது. பூசாரி தலையை ஆட்டினார். சுற்றி வர வழி விடாமல் பீடம் கட்டினது சரியில்லைதான், அப்போதே சொல்ல நினைத்தேன் என்றார். அப்போது அவர் ஒன்றும் சொல்லவில்லை.

“சரி, ஒரு ஆள் சுத்தற அளவுக்கு வேலிய தள்ளிக்கறேன்.”

“நானும் ஆளுதான மாமா,” என்றாள் நிர்மலா.

இரண்டாவது சங்கு ஊதிவிட்டது. நேரமாவுது, போங்க போங்க என்று தணிகாசலம் அண்ணன் எல்லோரையும் கிளப்பினார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நிர்மலா அன்றும் ஹைவேயில்தான் போனாள். அன்று நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவள் வண்டிக்கு வெளிப்பக்கமாக நடந்தேன். ஒவ்வொரு லாரி போகும்போதும் சேலை முந்தானை முகத்தில் வந்து அடித்தது. பின்னால் ஷபீர் பாய் மணியை அடித்துக்கொண்டே வந்தார், லாரிக்காரனுக்கு அது கேட்கும் என்பதுபோல.

சக்கரம் போகிற அளவு

ஞாயிற்றுக்கிழமை தணிகாசலம் அண்ணனே கடப்பாரையோடு வந்து நின்றார். வேலிக் கம்பியைத் தானே சுருட்டினார். பிறகு நிர்மலாவைக் கூப்பிட்டு, வண்டியை ஓட்டிக் காட்டு, சக்கரம் எங்கே போகிறதோ அதுவரைக்கும் விடுகிறேன், அதற்கு மேல் ஒரு விரல் கிடையாது என்றார்.

நிர்மலா ஓட்டினாள். மேடையை ஒட்டித் திரும்பியிருக்கலாம். நான் அவள் ஓட்டுவதை வருஷக்கணக்காகப் பார்க்கிறேன், சந்தில்கூடத் திருப்புவாள். அன்று கப்பல் திரும்புவதுபோலத் திருப்பினாள்.

“இவ்ளோ அகலமா திரும்புவ நீ?”

“அம்மன இடிச்சிடக்கூடாதுல்ல மாமா.”

அவர் என்னைப் பார்த்தார். நான் கால்வாயைப் பார்த்தேன்.

நிர்மலா பையிலிருந்து வெள்ளிப் பேனாவை எடுத்து, நகர்த்த வேண்டிய வேலிக் கல்தூண்கள் ஒவ்வொன்றிலும் பெருக்கல் குறி போட்டாள். குறை இருக்கிற தோலில் போடுகிற அதே குறி. சக்கரத் தடத்துக்கு நடுவில் ஒரு தென்னங்கன்று நின்றது. அந்த வருஷம் வைத்தது. தணிகாசலம் அண்ணன் அதை வேர் அறாமல் மண்ணோடு பெயர்த்து, குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி உள்ளே கொண்டுபோனார். உதவிக்குப் போன என் வீட்டுக்காரரைக் கிட்டே விடவில்லை.

மறுநாள் காலை நிர்மலாவின் அம்மாவும் பாதையில் வந்தாள். வண்டிக்குப் பின்னாலேயே நடந்து வந்து, மகள் அம்மனைச் சுற்றிக்கொண்டு கம்பெனிப் பக்கம் போய் மறைகிற வரைக்கும் நின்று பார்த்தாள். பிறகு மேடையில் ஒரு கற்பூரம் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். அதற்குப் பிறகு அவள் வரவில்லை. வர வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று.

ஷபீர் பாய் கொண்டுவந்த பெயிண்ட்டுக்கும் வேலை கிடைத்தது. மேடைக்குக் கொஞ்சம் முன்னால், தரையில் பதித்த ஒரு பலகைக் கல்லில் அம்பு வரைந்தார், சுற்றிப் போகும்படி வளைந்த அம்பு.

ஒரு விஷயம் மட்டும் என் மனதில் கிடந்தது. காலையில் கம்பெனிக்குப் போகும்போது கால்வாய் வலது கைப் பக்கம், தோப்பு இடது கைப் பக்கம். வண்டி தோப்புப் பக்கமாகச் சுற்றினால் அம்மன் வலது கைப் பக்கம் இருப்பாள். முறையாக வலம் வருகிற மாதிரி. சாயங்காலம் திரும்பும்போது கால்வாய்ப் பக்கம் வண்டி போகாது. அதே தோப்புப் பக்கம்தான். அப்போது அம்மன் இடது கைப் பக்கம் ஆகிவிடுகிறாள். அம்மனை யாராவது இடமாகச் சுற்றுவார்களா?

ஒரு நாள் சாயங்காலம் பூசாரி அதைக் கவனித்துவிட்டார். சூலத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, இப்படிச் சுத்தக்கூடாது பொண்ணே, காலையில வலம் வந்த பலன் போயிடும் என்றார். எனக்கும் சுருக்கென்றது. நிர்மலா வண்டியை நிறுத்தினாள். தோலில் வேலை செய்த கையை முந்தானையில் துடைத்துவிட்டு அம்மனைக் கும்பிட்டாள்.

“காலைல போய்ட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போறேன். சாயங்காலம் வந்துட்டேம்மான்னு சொல்லிட்டு வர்றேன். வேற இன்னா?”

பூசாரி மறுபடி சூலத்துக்கு எண்ணெய் தடவக் குனிந்துவிட்டார். நான் மேடையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, இந்தப் பக்கம் கால்வாய் ஓரமாகச் சைக்கிளைத் தள்ளினேன். அந்தப் பக்கம் அவள் சக்கரச் சத்தம் கேட்டது. மேடை தாண்டியதும் இரண்டு பேரும் ஒரே பாதைக்கு வந்தோம். ஏரிக்கரை ஏறும் வரைக்கும் பேசிக்கொண்டே போனோம்.